சுருட்டும் ஃபைபரா, ராடு ஃபைபரா?

ஃபைபர் லேசர் பெருக்கியிலிருந்து பத்து நானோசெகண்ட் பல்ஸில் சில மில்லிஜூல் ஆற்றல் வேண்டும் என்றால் இன்றைக்கு கைவசம் இரண்டு வழிகள். ஒன்று, 30 மைக்ரான் கோர் (ஒளி ஓடும் நடுப்பகுதி) உள்ள, சுருட்டி வைக்கக்கூடிய, இட்டெர்பியம் கலந்த ஃபைபர். இன்னொன்று 85 மைக்ரான் கோர் உள்ள, வளைக்கவே கூடாத ராடு, அதாவது கம்பி போல விறைப்பான ஃபைபர். நான் ராடைத்தான் எடுத்தேன், இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சுருட்டும் ஃபைபரின் வசதிகள் தெரிந்தவைதான்: எல்லாவற்றையும் உருக்கி ஒட்டி ஸ்ப்ளைஸ் செய்துவிடலாம், லென்ஸைத் திருகிக்கொண்டு உட்காரத் தேவையில்லை, இடமும் மிச்சம்.

ஆனால் பீக் பவர் (பல்ஸின் உச்சத் திறன்) என்று வந்துவிட்டால் கதையே வேறு. ராமன் சிதறல் (ஒளியின் ஒரு பகுதி நீண்ட அலைநீளத்துக்கு மாறிப்போவது) எந்தப் பவரில் தலைகாட்டும் என்பது, கோரில் ஒளி பரவியிருக்கும் மோட் பரப்பைப் பொறுத்து ஏறும், நீளத்தைப் பொறுத்து இறங்கும். 30 மைக்ரான் கோரில் பரப்பு சுமார் 400 சதுர மைக்ரான், நீளம் 2 மீட்டர். ராடில் 3000-க்கு மேல், நீளம் வெறும் 80 சென்டிமீட்டர். பரப்பில் எட்டு மடங்கு, நீளத்தில் இரண்டரை மடங்கு, பெருக்கிப் பார்த்தால் இருபது மடங்கு இடைவெளி, இதை வேறு எந்த வித்தையாலும் ஈடுகட்ட முடியாது. ஃபைபருக்கு ஆற்றல் ஊட்டும் பம்பை ஏற்றிக்கொண்டே போகும்போது ஸ்பெக்ட்ரத்தில் நம் லேசர் இருக்கும் 1064 நானோமீட்டருக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றுமிருக்காது, தள்ளி 1116 நானோமீட்டரில் ஒரு சின்ன மேடு முளைக்கும். பவர் மீட்டரோ எதுவும் நடக்காதது போல ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். போதாக்குறைக்கு, பல்ஸின் முன்பகுதி சேமித்த ஆற்றலை முதலில் உறிஞ்சிக்கொண்டு கூர்மையாகிவிடும், சராசரியாகக் கணக்குப் போட்டதைவிட உண்மையான பீக் அதிகமாகிவிடும். பெருக்குவதற்காக உள்ளே அனுப்பும் சீட் டயோடின் பல்ஸை முன்பக்கம் தாழ்த்தி, பின்பக்கம் உயர்த்தி வடித்தால் கொஞ்சம் சமாளிக்கலாம்.

ஆற்றலுக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு. கோரின் செறிவு ஆற்றலைப் (பெருக்கத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும் பல்ஸ் ஆற்றல்) போலச் சுமார் பத்து மடங்குக்கு மேல் சேமித்து வைக்க முடியாது, அதற்குள் பல்ஸ் வராமலே தானாக வெளியேறும் ஒளி, அதாவது தன்னிச்சை உமிழ்வு, தின்றுவிடும். 30 மைக்ரான் கோரில் அந்தச் செறிவு ஆற்றல் அரை மில்லிஜூலுக்கும் கீழே. ராடில் இதுவும் பரப்போடு சேர்ந்து பெருகுகிறது.

ஒரு சுவரை மட்டும் ராடும் தாண்டாது: சிலிக்காவில் சுமார் 4 மெகாவாட்டில் ஒளி தானே குவியத் தொடங்கிவிடும், கோர் எவ்வளவு பெரிதானாலும் சரி. அதற்குமேல் ஆற்றல் வேண்டுமா, பல்ஸை நீட்டுங்கள். முனையில் கோர் இல்லாத சிலிக்காத் துண்டு ஒட்டாமல் இந்தப் பவரில் எதையும் ஓட்டாதீர்கள், முனைப்பரப்புதான் முதலில் பொசுங்கும்.

சராசரி பவர் விஷயத்தில் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளிக் கேளுங்கள். கோர் பெருக்கப் பெருக்க மோட் நிலையின்மை (கற்றையின் வடிவம் ஆட்டம் காண்பது) குறைந்த பவரிலேயே வந்துவிடும், நான் ஓட்டியது குறைந்த பல்ஸ் வீதத்தில்தான். அப்புறம், 100 நானோசெகண்டில் 1 மில்லிஜூல் போதும் என்பவர்களுக்கு பீக் வெறும் 10 கிலோவாட்தான் வரும், தாராளமாகச் சுருட்டும் ஃபைபரையே வாங்கிக்கொள்ளலாம்.