காற்று நன்றாகத்தான் இருந்தது, வானம்தான் இல்லை: ஒரு பால்வீதிப் பயண எச்சரிக்கை

காட்டுத்தீக் காலத்தில் கலிபோர்னியாவின் சியாரா மலைத்தொடருக்குக் கிழக்கே கூட்டிப்போய் இரவு வானத்தைப் படம் எடுக்கக் கற்றுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 1,450 டாலர் கொடுத்துவிட்டுத்தான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன். அறை வாடகையும் பெட்ரோலும் அதில் சேர்த்தி இல்லை.

2021 செப்டம்பர் 3 முதல் 6 வரை, தொழிலாளர் தின நீண்ட வார இறுதி. மூன்று இரவுகள், எட்டு மாணவர்கள், ஒரு வழிகாட்டி. இடம் மோனோ ஏரியின் தென்கரை. ஏரிக்கடியில் ஊறிய சுண்ணாம்பு ஊற்றுகள் கோபுரம் கோபுரமாக இறுகி நிற்கும் டூஃபா பாறைகள் அங்கேதான் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1941இல் ஓடைத் தண்ணீரைத் திருப்பிக்கொண்ட பிறகு ஏரி வற்றி வெளியே வந்தவை அவை. செப்டம்பர் 6 அமாவாசை. பால்வீதியைப் பிடிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று ஏப்ரலிலேயே பணம் கட்டிவிட்டேன்.

அந்தக் கோடை எப்படிப் போனது என்று கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஜூலை 13 அன்று பற்றிய டிக்சி தீ ஆகஸ்ட் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 14 அன்று தொடங்கிய கால்டோர் தீ, மாதக் கடைசியில் தாஹோ ஏரியின் தென்கரை ஊரையே காலி செய்ய வைத்தது. சியாராவின் முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கிய தீக்கள் என்று முதன்முதலாகப் பதிவானவை இந்த இரண்டும்தான். புகை எந்தப் பக்கம் போகும் என்று கேட்கவே வேண்டாம். ஆகஸ்ட் 30, திங்கட்கிழமை, கலிபோர்னியாவின் தேசியக் காடுகள் அனைத்தையும் மறுநாள் நள்ளிரவு முதல் செப்டம்பர் 17 வரை மூடுவதாக வனத்துறை அறிவித்தது. நாங்கள் போக வேண்டிய டூஃபாக் கரை இன்யோ தேசியக் காட்டின் எல்லைக்குள் இருக்கிறது. உத்தரவை மீறினால் தனிநபருக்கு 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நான் உடனே வழிகாட்டிக்கு எழுதினேன். செப்டம்பர் 1 அன்று பதில் வந்தது. "எல்லாம் திட்டப்படியே நடக்கும். நிலைமை மிக நன்றாக இருக்கிறது." கூடவே காற்றுத் தரக் குறியீட்டின் படம் ஒன்று. ஏரிக்குத் தெற்கே உள்ள மேமத் லேக்ஸ் ஊரில் 42, பச்சை நிறம், அதாவது நல்ல காற்று. மூடப்பட்ட காட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அந்தப் பச்சையைப் பார்த்து நான் நிம்மதி அடைந்தேன். இதில் எனக்கு வெட்கம்தான். ஏனென்றால் அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு, 2020 செப்டம்பர் 9 அன்று, சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ஃப்ரீமாண்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்று காலை பத்து மணிக்குத் தெருவிளக்கு எரிவதைப் பார்த்தவன் நான். காட்டுத்தீப் புகையால் வானம் முழுக்க ஆரஞ்சு. கைப்பேசியில் படம் எடுத்தால் சாம்பல் நிறமாக வந்தது, இவ்வளவு ஆரஞ்சு இருக்க முடியாது என்று கேமராவே முடிவு செய்து நிறத்தைத் திருத்திக்கொண்டிருந்தது. அன்று தரைக்காற்று அவ்வளவு மோசமில்லை. கடல்காற்று அடியில் புகுந்து நின்றதால் புகை மேலே தங்கிவிட்டது. மூக்குக்கு நல்ல காற்று, கண்ணுக்கு வானமே இல்லை. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் 42 என்ற எண்ணை நம்பினேன்.

காற்றுத் தர நிலையத்துக் கருவி அளப்பது நம் மூக்குமட்டக் காற்றிலுள்ள நுண்துகளை. பத்தாயிரம் அடிக்கு மேல் போகும் புகையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. விண்மீன் ஒளியோ வளிமண்டலத்தின் மொத்த உயரத்தையும் கடந்துதான் லென்ஸுக்கு வர வேண்டும். போதாக்குறைக்கு, மோனோ ஏரி 38 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. பால்வீதியின் மையம் அங்கே மிக உச்சத்தில் இருக்கும்போதே தொடுவானத்திலிருந்து 23 பாகைதான் எழும்பும். அந்தச் சாய்வில் ஒளி கடக்கும் காற்று, நேர்மேலே பார்ப்பதைப் போல இரண்டரை மடங்கு. புகையும் இரண்டரை மடங்கு. (கொடைக்கானலில் அதே மையம் ஐம்பது பாகைக்கு மேல் ஏறி நிற்கும். ஊரில் இருந்தபோது ஒருநாளாவது அண்ணாந்து பார்த்தேனா என்றால், இல்லை.)

கிளம்பும் நாளில் என் மனைவி ஒரே கேள்வி கேட்டாள். "காடு முழுக்க மூடிவிட்டார்கள் என்கிறார்களே, அங்கே போய் எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள்?" வழிகாட்டியிடம் மாற்றுத் திட்டம் இருக்கும் என்றேன். இருந்தது, வேறு மாதிரி.

கால்டோர் தீயால் 50ஆம் எண் நெடுஞ்சாலை அடைப்பு. யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் நுழைய அந்தக் கோடையில் முன்பதிவு தேவைப்பட்டது, அதை வாங்கிக்கொண்டு டையோகா கணவாய் வழியாக இறங்கினேன். கணவாயைத் தாண்டி இறங்கும் வழியில் கீழே பார்த்தால் ஏரி இருக்க வேண்டிய இடத்தில் பால் கலந்த தேநீர்.

முதல் இரவு ஒன்பது மணி. 395ஆம் எண் நெடுஞ்சாலையில் வண்டி ஒதுக்கும் ஓர் இடத்தில் எட்டு ட்ரைபாட்களை நட்டோம். தென்மேற்கில் பால்வீதி நிற்க வேண்டிய இடத்தில் பழுப்புச் சுவர். தென்கிழக்கே வியாழன் மட்டும் பழுத்த எலுமிச்சை நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. புள்ளியாக இருக்கும் ஒளி புகையிலும் கொஞ்சம் தப்பிக்கும். பால்வீதி போல விரிந்து கிடக்கும் மெல்லிய ஒளிதான் முதலில் காணாமல் போகும். மங்கலான ஒளியையும் பிடிக்கும்படி கேமராவை எஃப் 2.8, இருபது நொடி, ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுத்துப் பார்த்தேன். திரையில் ஏதோ ஒரு கறை. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அதன் முகப்பு விளக்கு புகையில் பரவி ஒரு நிமிடத்துக்கு எல்லாம் வெளுத்துவிடும்.

வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது: "வீட்டுக்குப் போய் மென்பொருளில் புகைமூட்டத்தை நீக்கிக்கொள்ளலாம்." இது கடைந்தெடுத்த பொய். பகலில் தூரத்து மலையின் மேல் படிந்த மெல்லிய மூட்டத்தை அந்தக் கருவி ஓரளவு குறைக்கும், உண்மைதான். இரவு வானத்தில் வந்து சேராத ஒளியை அது எங்கிருந்து கொண்டுவரும்? இழுக்க இழுக்க இரைச்சல் புள்ளிகள்தான் பெருகின. இருபது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் பார்த்தேன். இரைச்சல் குறைந்தது. அடியிலிருந்து வெளியே வந்தது அதே பழுப்பு.

பத்தரை மணிக்கு அவர் தாழ்ந்த குரலில் இன்னொரு யோசனை சொன்னார். டூஃபாக் கரைக்கு நடந்து போய்விடலாமாம். இரவில் யாரும் இருக்க மாட்டார்களாம், சிவப்பு விளக்கு மட்டும் போட்டுக்கொண்டால் போதுமாம். தேசியக் காட்டில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் கூட்டிப்போக வனத்துறையின் தனி அனுமதி வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பிடிபட்டால் அபராதச் சீட்டு என் பெயரில்தானே வரும்? நான் போகவில்லை. மூன்று பேர் போனார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு படமும் இல்லாமல் திரும்பி வந்தார்கள், ஒருவர் இருமிக்கொண்டே. அவர் ஆஸ்துமாக்காரர், அறுபதைத் தாண்டியவர். ஏறக்குறைய 6,400 அடி உயரத்தில், புகையில், எடையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும் என்றோ முகக்கவசம் கொண்டுவாருங்கள் என்றோ யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. என் பையில் இருந்த என்95 முகக்கவசத்தைக் கொடுத்தேன்.

இரண்டாம் இரவும் மூன்றாம் இரவும் விடுதியின் காலை உணவுக்கூடத்தில் கழிந்தன. மடிக்கணினியில் தன் பழைய படங்களைத் திறந்து, எப்படி மெருகேற்றினேன் என்று காட்டினார். வாஃபிள் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அண்டத்தைப் பற்றிக் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை பகலில் சாம்பல் விழுந்தது. என் பக்கத்தில் இருந்த பையன் லென்ஸை மாற்ற, உள்ளே போன தூசி அடுத்த படங்களில் எல்லாம் புள்ளியாக விழுந்தது. வழிகாட்டி செய்த உதவி, தன் சட்டை நுனியால் அவனுடைய லென்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தது. சாம்பல் மணல் போல அராவும். காற்றூதியால் ஊதித்தான் தள்ள வேண்டும், துணி படவே கூடாது. இது அவருக்குத் தெரியவில்லையா, அல்லது வேறொருவர் லென்ஸ்தானே என்று விட்டுவிட்டாரா, நான் கேட்கவில்லை.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். புகையில் எடுக்க எதுவுமே இல்லை என்பதில்லை. மாலையில் சூரியன் வெறும் கண்ணுக்குச் சிவப்பு வட்டமாக இறங்கியது. நெடுந்தூர லென்ஸில் மலைமுகடுகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சாம்பலும் நீலமுமாக அடுக்கி நின்றன. தானியங்கி நிறத்தை நிறுத்தி, வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) பகல்வெளிச்சத்தில் வைத்து எடுத்தால் அந்தச் சிவப்பு அப்படியே கிடைக்கும். திட்டத்தை மாற்றி இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் பாதிப் பணம் செரித்திருக்கும். அந்த நேரத்தில் அவர் விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டேன். ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னார். "வானிலைக்குப் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது, வழிகாட்டி தன் விருப்பப்படி இடத்தை மாற்றலாம்." புகை வானிலையாம், காலை உணவுக்கூடம் மாற்று இடமாம். யானை வாயில் போன கரும்புதான் என்று நினைத்தேன். ஆனால் செப்டம்பர் 1 மின்னஞ்சல் என்னிடம் இருந்தது. ஆகஸ்ட் 30 அன்று வெளியான அறிவிப்பையும், இரண்டு நாள் கழித்து "எல்லாம் திட்டப்படியே" என்று அவர் எழுதியதையும் சேர்த்துக் கடன் அட்டை வங்கிக்கு அனுப்பினேன். அவர், நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் காட்டினார். நான் தேதிகளைக் காட்டினேன். வானிலையைப் பற்றி நான் பேசவே இல்லை, விற்ற இடம் சட்டப்படி மூடியிருந்ததை மறைத்தார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். டிசம்பரில் 725 டாலர் வந்தது. தொலைபேசியில் மட்டும் பேசியிருந்தால் அதுவும் வந்திருக்காது. ஆகவே எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். "காடு மூடினால் என்ன, மேலே புகை இருந்தால் என்ன, எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள், பணமா அடுத்த ஆண்டுக்கு இடமா" என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஒழுங்கான வழிகாட்டி இதற்குக் கோபப்பட மாட்டார். அதே வாரத்தில் தன் வகுப்பைத் தானே ரத்து செய்து முழுப் பணத்தையும் அனுப்பிய இன்னொருவரிடம் என் நண்பர் ஒருவர் பதிவு செய்திருந்தார்.

புகையை நீங்களே பார்க்கவும் முடியும், இலவசமாக. அமெரிக்கக் கடல்சார் வளிமண்டல நிர்வாகமான நோவா, எச்ஆர்ஆர்ஆர்-ஸ்மோக் என்ற முன்கணிப்பை வெளியிடுகிறது. 3 கிலோமீட்டர் கட்டங்களாக, இரண்டு நாள் வரை காட்டும். அதில் தரைமட்டப் புகைக்கு ஒரு வரைபடம், தரையிலிருந்து உச்சிவரை செங்குத்தாகக் கூட்டிய புகைக்கு இன்னொன்று. நுரையீரலுக்கு முதலாவது, பால்வீதிக்கு இரண்டாவது. எனக்கு அனுப்பப்பட்ட பச்சைப் படம் முதலாவது வகையைச் சேர்ந்தது. கோஸ் செயற்கைக்கோள் படங்களையும் பாருங்கள், ஆனால் நண்பகல் படத்தை நம்பாதீர்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது மெல்லிய புகை தெரியாது. காலையிலும் மாலையிலும் சாய்வெளிச்சம் பட்டால்தான் அது வெள்ளையாகத் துலங்கும். அறைக்கு முன்பதிவு செய்யும்போது கடைசி நேரத்தில் ரத்து செய்ய முடியுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யாமல் அந்த மூன்று இரவு வாடகையையும் விட்டேன்.

இன்னொன்று வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அவருடைய விளம்பரப் படத்தில் டூஃபாக்களுக்கு மேல் பால்வீதி வானவில் போல வளைந்து படுத்திருக்கும். அப்படித் தாழ்வான வளைவாக அது தெரிவது வசந்த காலத்து விடியலுக்கு முன்பு, கிழக்கே. செப்டம்பர் மாலையில் பால்வீதி தென்மேற்கில் தூண் போல நிமிர்ந்து நிற்கும். புகையே இல்லாத வானமாக இருந்திருந்தாலும் அந்தப் படத்தை அந்த வார இறுதியில் எங்களால் எடுத்திருக்க முடியாது.

அதற்குப் பிறகும் அந்த வழிகாட்டியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. 2022 தொழிலாளர் தின வார இறுதி, மோனோ ஏரி, மூன்று இரவுகள், "கருவானத்தின் கீழ்", முன்கூட்டிப் பதிவு செய்பவர்களுக்குச் சலுகை. அதே வளைவுப் படம். நாள்காட்டியை எடுத்துப் பார்த்தேன். செப்டம்பர் 3 அன்று வளர்பிறை அரைநிலா. அது விருச்சிக ராசியில் இருக்கும், மறுநாள் தனுசுக்கு நகரும். அதாவது புகை இல்லாவிட்டாலும், பால்வீதியின் மையம் இருக்கும் இடத்திலேயே நிலா உட்கார்ந்திருக்கும்.