“சீல் பிரிக்காத” எல்பி வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

போன ஜூலையில் ஆன்லைன் ஏலத்தில் 240 டாலரைத் தொலைத்தேன். பதினான்கு பழைய இசைத்தட்டுகள், ஒரே லாட். தொலைத்தேன் என்று தெரிந்ததே டிசம்பரில்தான். அந்த ஐந்து மாதத்தை நம்பித்தான் விற்றவர் கடையே விரித்திருக்கிறார்.

ஒஹையோவுக்கு வந்த பிறகு பிடித்த பைத்தியம் இது. முடிவெட்டும் கடையின் பெயரைத் தாங்கிய பார்பர்ஷாப் பாட்டில் வாத்தியம் கிடையாது, நாலு குரல் மட்டும்தான். மெட்டு லீடிடம் இருக்கும், அதற்கு மேலே டெனர், அடியில் பேஸ், விட்ட இடத்தை அடைக்க பாரிடோன். நாலும் சுத்தமாகச் சேர்ந்தால் யாருமே பாடாத ஐந்தாவது குரல் ஒன்று மேலே கணீரென்று கேட்கும். பேர்பெற்ற பாட்டுக் குழுவான மில்ஸ் பிரதர்ஸின் அப்பா முடிவெட்டும் கடை வைத்திருந்ததும் இதே ஒஹையோவில், பிக்வா என்ற ஊரில்தான். 1938இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் போட்டியில் 1950இல் ஜெயித்த பஃபலோ பில்ஸ், 1961இல் ஜெயித்த சன்டோன்ஸ் இவர்களுடைய எல்பிகளை, அதாவது ஒரு பக்கத்தில் பல பாட்டுகள் அடங்கும் இசைத்தட்டுகளைத்தான் நான் தேடி அலைவது. கூடவே கிறிஸ்துமஸ் தட்டுகளும். எங்கள் வீட்டு மார்கழியில் காலையில் திருப்பாவை, ராத்திரி அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி.

கோடையில் கிறிஸ்துமஸ் தட்டை யாரும் சீண்ட மாட்டார்கள், மலிவாகத் தட்டலாம் என்று கணக்குப் போட்டேன். விளம்பரத்தில் ஆறு தட்டு சீல் பிரிக்காதவை, மிச்சமெல்லாம் ‘விஜி ப்ளஸ்’ (வெரி குட் ப்ளஸ், பழையதானாலும் நல்ல நிலையில் இருப்பது) என்று போட்டிருந்தது. என்னைக் கவிழ்த்தது கடைசி வரி: “ஒயிட் கிறிஸ்துமஸ், 1942 முதல் பதிப்பு.”

விஷயம் தெரியாதவர்களுக்கு: கிராஸ்பி அந்தப் பாட்டை 1942இல் பாடினார். தட்டு அடித்து அடித்து மூலப் பதிவே தேய்ந்துபோக, 1947 மார்ச்சில் மறுபடி உட்காரவைத்துப் பாடவைத்தார்கள். இன்றைக்குக் கடைகடையாக ஒலிப்பது அந்த இரண்டாவதுதான். எனக்கு முதலாவது வேண்டும். டெக்கா கம்பெனி வெளியிட்ட 18429ஆம் எண் தட்டு. விளம்பரத்தில் தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் லேபிளின் படம் இல்லை. அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கிற நேரத்தில் வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விட்டால் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கட்டினேன்.

பெட்டி வந்ததும் பதினான்கும் இருக்கிறதா என்று எண்ணி, அப்படியே அலமாரியில் வைத்தேன். சீலைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும் இல்லையா? இந்த இடத்தில்தான் நம்மைப் பிடிக்கிறார்கள். பிரிக்கவே மனசு வராத பொருளுக்குள் எதை வேண்டுமானாலும் வைத்து விற்கலாம்.

டிசம்பரில் மரம் வைத்த அன்று தட்டுகளை வெளியே எடுத்தோம். “ஏங்க, புதுசுன்னீங்களே, இதுல பேனாவால என்னமோ எழுதியிருக்கே?” என்றாள் மனைவி. வாங்கிப் பார்த்தேன். பின்னட்டையில் நீல மையில், “பாட்டிக்கு, கிறிஸ்துமஸ் 1964.” எழுத்து பிளாஸ்டிக்குக்கு உள்ளே இருந்தது. முன்னட்டையில் தட்டு உரசி உரசி விழுந்த வெள்ளை வட்டம், அதுவும் பிளாஸ்டிக்குக்கு உள்ளே. அப்புறம் என்ன சீல், கிழித்துப் பார்த்தேன். கறுப்பாகப் பளபளக்க வேண்டிய தட்டின் வரிகள் சாம்பல் பூத்துக் கிடந்தன. இரண்டாவது பாட்டின் மேல் காய்ந்துபோன பைன் ஊசியிலை ஒன்று ஒட்டியிருந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் யார் வீட்டு மரத்திலிருந்து உதிர்ந்ததோ!

பழைய தட்டைப் புது பிளாஸ்டிக்கில் சுற்றி, சூடான காற்றடித்து இறுக்கியிருக்கிறார்கள். மற்ற ஐந்தும் இதே கதை. ஆறில் நாலு, குட்இயர் டயர் கடைகளில் 1961 தொடங்கி வருஷாவருஷம் 1 டாலருக்கு விற்ற தொகுப்புகள். இங்கே பழைய சாமான் கடைகளில் அவை கேட்பாரற்றுக் கிடக்கும். பஃபலோ பில்ஸ் அட்டைக்குள் போல்கா என்ற நடன இசைத் தட்டு. ‘விஜி ப்ளஸ்’ எல்லாம் வறுகடலைச் சத்தம். கிராஸ்பி தட்டின் எண் 23778, பின்னால் வந்த பதிப்பு. அதை ஜூலையிலேயே உறையிலிருந்து உருவிப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும், அந்தக் குற்றம் என்னுடையது. (இதையே “1942 ஒரிஜினல் எல்பி” என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். எல்பி என்ற சரக்கே 1948இல்தான் சந்தைக்கு வந்தது.)

திருப்பி அனுப்பும் கெடு 30 நாள். தளத்தில் கையை விரித்துவிட்டார்கள். விற்றவருக்கு எழுதினேன். “பழைய பொருள், உள்ளது உள்ளபடி” என்று ஒரு வரி பதில். படங்களை அனுப்பினேன். ஐந்து நட்சத்திரம் போட்டால் 20 டாலர் தருகிறேன் என்றார். ஒற்றை நட்சத்திரம் போட்டேன்.

நீங்கள் வாங்கினால் லேபிளின் படத்தையும், லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவே வழவழப்பான இடத்தில் பொறித்த எண்ணின் படத்தையும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். ‘சீல்’ என்றால் மூலைகளைக் கிட்டத்தில் படமெடுக்கச் சொல்லுங்கள். புது பிளாஸ்டிக்குக்குள் மடங்கி நைந்த மூலை தெரிந்தால் விட்டுவிடுங்கள். வந்த அன்றைக்கே, மதிப்பாவது மண்ணாவது, பிரித்து ஊசியை வையுங்கள்.

நேற்று அந்தத் தளத்தில் மேய்ந்தேன். என் அலமாரியில் இருக்கிற அதே பதினான்கு தட்டுகளின் அதே படம், அதே கடைசி வரி. விலை மட்டும் 260.