மூன்று வார லீவும் ஒரு கடைவாய்ப் பல்லும்

கீழ்த் தாடையில் வலது கடைவாய்ப் பல்லை எடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஊருக்குப் போகும்போது இம்பிளான்ட் வைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். தாடை எலும்புக்குள் ஒரு டைட்டானியம் திருகை இறக்கி, அதன் மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துவதுதான் இம்பிளான்ட். கையில் மூன்று வார லீவு. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இதே நினைப்பில் டிக்கெட் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் போன கிளினிக்கில் ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்தார்கள். "அஞ்சு நாள்ல பல்லோட அனுப்பிடுறோம் சார்" என்றார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரை உண்டா, சிகரெட் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்தியது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அத்தைக்கு வேறு பயம். "ஏன்டா, தாடையில ஆணி அடிச்சா மூளைக்குப் போற நரம்புல படாதா?" என்றார். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. மேல் பல்லுக்கும் பார்வைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நரம்பைப் பற்றி அத்தை கேட்டது நியாயமான கேள்வி. கீழ்த் தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. அதில் அடிபட்டால் உதடும் தாடையும் மரத்துப்போகலாம்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். அவர் சி.பி.சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தாடையைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது போல முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன் அது. திரையில் நரம்பு ஓடும் குழாயின் மேல் ஒரு கோடு இழுத்தார். இம்பிளான்ட்டின் நுனிக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே குறைந்தது 2 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், உங்களுக்கு அதைவிட அதிகமாகவே இருக்கிறது என்று அளந்து காட்டினார். அந்தத் திரையைப் பார்த்த பிறகுதான் பயம் விட்டது. அதன் படத்தை அத்தைக்கும் காட்டினேன்.

அப்புறம் ஒரு உண்மையையும் நேராகச் சொன்னார். "திருகை இந்த வாரமே வச்சுடலாம். மேல வர்ற பல்லுக்கு நீங்க இன்னொரு தடவை வரணும்." டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதை 1950-களில் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க் முயல்களின் எலும்பை ஆராய்ந்தபோது கண்டார். 1965-இல் அவர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்த இம்பிளான்ட்கள் 40 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. அந்த ஒட்டுதல் பிடிக்கத்தான் பொதுவாக 3 முதல் 6 மாதம் வேண்டும். கீழ்த் தாடையின் எலும்பு கெட்டி, அதனால் கொஞ்சம் சீக்கிரம். மேல் தாடைக்குக் கூடுதல் நாள். எலும்பு குறைவாக இருந்து ஒட்டு எலும்பு வைத்தால் இன்னும் தள்ளிப்போகும். ஒரே நாளில் பல் என்பது முழுப் பொய் இல்லை. திருகு இறுக்கமாகப் பிடித்தால் சிலருக்கு, முக்கியமாக முன்பல்லில், உடனே தற்காலிகப் பல் வைப்பார்கள். அது நிரந்தரப் பல் அல்ல. இந்த வித்தியாசத்தை முதல் இடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வைத்த அன்று வலி இருந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மரத்துப்போக ஊசி போடும்போது சுருக்கென்றது, அவ்வளவுதான். எலும்பு சூடாகிவிடக் கூடாது என்று துளைக் கருவியை மெதுவாகச் சுழற்றி, குளிர்ந்த சலைன் நீரை விட்டுக்கொண்டே இருந்தார்கள். வாயில் உப்பு கரித்தது. தாடை அதிர்வது தெரிந்தது. கடைசியில் கையளவு ஸ்பேனர் ஒன்றால் திருகை முடுக்கினார். டக், டக் என்று காதுக்குள் கேட்டது. சுமார் அரை மணி நேரத்தில் தையலும் முடிந்தது. பல்லைப் பிடுங்கிய நாளில் பட்ட பாட்டோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. மறுநாள் கன்னம் வீங்கியது. மூன்று நாளில் வடிந்தது. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை என்னிடமே இருந்தது. செயற்கைப் பல்தானே, இனி கவலை இல்லை என்று. பூச்சி அரிக்காது, அது சரி. ஆனால் சுற்றியுள்ள ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கலாம், அடியில் எலும்பு கரையலாம். பெரும்பாலும் வலி தெரியாமலே முற்றிவிடும். சரியாகப் பராமரித்தால் 10 ஆண்டு கழித்தும் 100-இல் 90-க்கு மேல் நிலைத்திருக்கும். புகை பிடிப்பவர்களுக்குத் தோற்பது அதிகம்.

உடன் வந்திருந்த அப்பா, "எழுபத்திரண்டு வயசுல எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று டாக்டரிடம் சொன்னார். வயது தடையே இல்லையாம். தாடை வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்குத்தான் வைக்கக் கூடாது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. கட்டுப்பாட்டில் இருந்தால் வைக்கலாம் என்று ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பேசும்போதெல்லாம் ஆடுகிற அவருடைய கீழ் பல்செட்டை இரண்டே இம்பிளான்ட் வைத்துப் பிடிப்போடு மாட்டலாம் என்றும் சொன்னார். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

ஐந்து மாதம் கழித்து பத்து நாள் லீவில் மறுபடி போனேன். அளவெடுத்து ஒரு வாரத்தில் பல்லைப் பொருத்தினார்கள். முதல் சில நாள் கடிக்கும்போது அழுத்தம் மழுங்கலாகத் தெரிந்தது. இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றியிருக்கும் மெல்லிய தசைநார் இதற்குக் கிடையாது, அதனால்தான்.

கிளம்பும்போது ஒன்றைக் கேட்டு வாங்கினேன். திருகின் பிராண்ட், விட்டம், நீளம், தயாரிப்பு எண் எல்லாம் உள்ள ஸ்டிக்கரை ஒட்டிய அட்டை. ஸ்கேனையும் பென் டிரைவில் கொடுத்தார்கள். ஒரு கம்பெனித் திருகுக்கு இன்னொரு கம்பெனியின் பாகம் பெரும்பாலும் பொருந்தாது. இங்கே திரும்பி வந்து முதல் தடவை சுத்தம் செய்யப் போனபோது பல் டாக்டர் முதலில் கேட்டதே அந்த அட்டையைத்தான்.