ஏற்காட்டுத் தனிமையா, சேலத்து அன்றாடமா?

போதையை விட்ட முதல் சில மாதம் எதிலும் ருசி தட்டாது. மூளையின் இன்ப உணர்வு மெல்லத்தான் திரும்பும். "கொஞ்ச நாள் ஏற்காட்டுல இருந்துட்டு வரட்டும்" என்று வீட்டார் சொல்வது இந்த நேரத்தில்தான்.

மலையில் பழைய கூட்டாளிகள் இல்லை, நல்லதுதான். நவம்பருக்கு மேல் காப்பிப் பழம் பறிக்கப் போனால் பகலும் ஓடிவிடும். மாலைதான் சிக்கல். பனி இறங்கும், கை சும்மா கிடக்கும், பேச ஆளிருக்காது. மனநல டாக்டரைப் பார்க்க 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும்.

சேலத்தில் விற்பவன் பக்கத்திலேயே இருப்பான். அதனால் முதல் வேலை சிம்மை மாற்றுவது. கைச்செலவுப் பணத்தை அம்மாவிடமோ அண்ணனிடமோ கொடுத்துவைப்பது. பிறகு மாலை 5 முதல் 9 வரை முன்கூட்டியே நிரப்புங்கள்: மூக்கனேரிப் பக்கம் ஒருவருடன் நடை, போதையை விட்டவர்களின் சுயஉதவிக் குழுக் கூட்டம், வீட்டாரோடு சாப்பாடு. பசியோடு இருக்கவிடாதீர்கள், ஏக்கம் கூடும். ஏக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும். அதுவரை பேச யாருமில்லையென்றால் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை.

எங்கள் ஓட்டு சேலத்துக்கே. மலைக்கு ஞாயிறு போய்வரலாம், துணையோடு. ஹெராயின், வலி மாத்திரை, ஊசி பழக்கமிருந்தவரைத் தனி அறையில் விடவே வேண்டாம்: இடைவெளிக்குப் பின் பழைய அளவை எடுத்தால் உடல் தாங்காது, மூச்சே நின்றுவிடலாம். உடனே 108.