ஐந்து சென்ட் பேசினோம், பட்டாவில் நாலரைதான் வந்தது

சேலத்தில், முக்கியமாக அயோத்தியாப்பட்டணம் பக்கம் மனை பார்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

எங்கள் மாமா அங்கே ஒரு மனை வாங்கினார். பேசியது ஐந்து சென்ட், சென்ட் நான்கு லட்சம். இருபது லட்சத்தையும் கொடுத்துக் கிரயம் முடிந்தது. உட்பிரிவாகிப் பட்டா வந்தபோது பரப்பு 0 - 1.86 என்றிருந்தது. பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்குதான். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். பெருக்கிப் பார்த்தால் 4.59 சென்ட்தான் வருகிறது.

பத்திரத்தைப் புரட்டினோம். சொத்து விவரத்தில், ‘கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 50 அடி, ஆக 2000 சதுர அடி’. சென்ட் என்ற பேச்சே இல்லை. தரகரைக் கேட்டால், “எங்க பக்கம் சென்ட்டுன்னா நானூறு அடிதாங்க, ரவுண்டா வச்சுக்கறது” என்கிறார். ரவுண்டு எப்போதும் அவர் பக்கமே உருளும் போல! ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் நூறில் ஒரு பங்கு சென்ட், 435.6 சதுர அடி. குழி, மா எல்லாம் ஊருக்கு ஊர் மாறலாம், சென்ட் மாறாது. ஐந்து சென்ட்டுக்கு 2178 வர வேண்டும். 178 சதுர அடி போச்சு, பணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல். சென்ட் பேசியதெல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்தில் இருப்பது சதுர அடி என்று வக்கீலும் கையை விரித்துவிட்டார்.

இதே தரகர் ஏற்காட்டில் காப்பித் தோட்டமும் காட்டுகிறார். அங்கே இன்னொரு வித்தை: சரிவோடு டேப்பைப் படுக்கவைத்து இழுக்கிறார். சர்வே கணக்கில் கிடைமட்ட அளவுதான் செல்லும். முப்பது டிகிரி சரிவில் நூறடி இழுத்தால் கணக்குக்கு வருவது 87 அடிக்கும் சற்றுக் குறைவு.

விலையைச் சதுர அடிக்குப் பேசுங்கள். சென்ட்தான் என்று அடம்பிடித்தால் அட்வான்ஸ் அக்ரிமெண்டிலேயே சென்ட், சதுர அடி இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். பட்டாவையும் புலப்படத்தையும் (நிலத்தின் சர்வே வரைபடம்) அரசு இணையதளத்தில் பார்த்து, சர்வேயரை வைத்து அத்துக்கல்லுக்கு அத்துக்கல் (எல்லைக்கல்) அளந்துவிடுங்கள். மாமா வாங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னும் சில மனைகள் விற்காமல் கிடக்கின்றன, எல்லாமே நாற்பதுக்கு ஐம்பது. ‘ஐந்து சென்ட்’ என்றுதான் சொல்வார்கள்.