வடிகாலில் தண்ணீர் உள்ளே வராது: வீட்டு சர்வருக்கு எந்த விபிஎன்?

மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ராஸ்பெர்ரி பை 4 என்ற ஒரு குட்டிக் கணினி சர்வராக ஓடுகிறது. அதற்கு மூன்று வேலை: குடும்பப் படங்களுக்கு இம்மிச் என்ற மென்பொருள், சித்தப்பாவின் பாரம்பரிய நெல்விதைக்கு ஒரு சின்ன இணையதளம், அப்புறம் டோரன்ட் (கோப்புப் பகிர்வு). டோரன்டுக்காகக் காசு கட்டி ஒரு விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தை மறைகுறியாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் பாதை) வாங்கி, மொத்தப் பெட்டியையும் அதற்குள் தள்ளினேன். மறுநாள் காலையில் சிங்கப்பூரிலிருந்து தங்கச்சி கூப்பிட்டாள். "அண்ணே, ஒரு போட்டோகூட தொறக்க மாட்டேங்குது."

காரணம் சிக்கலானதில்லை. அவள் போன் அனுப்பிய கோரிக்கை ரவுட்டர் வழியாக ஒழுங்காக வந்து சேர்ந்தது. பதிலை மட்டும் பெட்டி விபிஎன் பக்கம் தள்ளிவிட்டது. கேட்ட இடத்திலிருந்து வராத பதிலை எந்தப் போனும் ஏற்காது. போதாததற்கு, வீட்டு ஐபி (இணையத்தில் வீட்டின் எண் முகவரி) மாறினால் டொமைனுக்கு, அதாவது தளத்தின் பெயருக்கு, சொல்லும் டக்டிஎன்எஸ் ஸ்கிரிப்ட், விபிஎன் கம்பெனியின் முகவரியை என் வீட்டு முகவரி என்று எழுதி வைத்திருந்தது. வயல்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். காசுக்கு வாங்கும் விபிஎன் ஒரு வடிகால். நம் தண்ணீரை வெளியேற்றத்தான் வெட்டியது. பாய்ச்சலுக்கு வேறு வாய்க்கால் வேண்டும்.

வடிகாலையே வாய்க்காலாக்க ஒரு வழி இருக்கிறது: விபிஎன் கம்பெனியே தன் பக்கம் ஒரு போர்ட்டை, அதாவது எண்ணிட்ட ஒரு வாசலை, திறந்து கொடுப்பது. முல்வாட் என்ற விபிஎன் கம்பெனி இந்த வசதியை 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. புரோட்டான் காசு கட்டுபவர்களுக்குத் தருகிறது, ஆனால் போர்ட் எண் நிலையாக இருக்காது. ஏர்விபிஎன் நிலையான எண்ணே தருகிறது. இருந்தாலும் இணையதளங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 443 கிடைக்காது. முகவரிக்குப் பின்னால் ஐந்து இலக்க எண்ணை ஒட்டிக்கொண்டு விதை விற்க முடியுமா? இன்னொன்று, விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டதும், எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க் எல்லாம் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. அதற்கப்புறம் திருவாரூரிலிருந்து ஒருவர் என் பெட்டியைப் பார்க்க வேண்டுமென்றால், கடல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். டோரன்டுக்கு இது போதும், வேறெதற்கும் வேண்டாம்.

அதைவிட நல்லது, விபிஎன்னை அந்த ஒரு வேலைக்கு மட்டும் கொடுப்பது. டாக்கரில், அதாவது ஒவ்வொரு மென்பொருளையும் தனி அறையில் (கன்டெய்னர்) ஓட்டும் கருவியில், குளூட்டன் என்று ஒரு கன்டெய்னர் உண்டு. டோரன்டை அதன் பின்னால் கட்டிவிட்டால் அது மட்டும் விபிஎன்னில் போகும், மற்றவை வழக்கமான பாதையில் போகும். விபிஎன் அறுந்தால் டோரன்ட் நிற்கும், அவ்வளவுதான். லினக்ஸில் ரவுட்டிங் விதிகளை எழுதியும் இதைச் செய்யலாம். நானும் எழுதினேன். ஒரு ரீபூட்டில் பாதி விதிகள் காணாமல் போயின, அதோடு கன்டெய்னருக்கு மாறிவிட்டேன்.

சில மாதம் நிம்மதி. பிறகு இணைப்புக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் எங்களை சிஜிநாட்டுக்கு மாற்றினார்கள். ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்களுக்கும் அதே கதிதான். சிஜிநாட் என்றால் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி. கடைமடைக்காரன் தன் மதகை எவ்வளவு திறந்தாலும் தலைப்பில் அடைத்திருந்தால் என்ன வரும்? ரவுட்டரில் வாசல் திறந்து வைக்கும் போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் வீண். இனி நாமே உள்ளேயிருந்து வெளியே ஒரு இணைப்பைப் பிடித்து, அதே இணைப்பில் மற்றவர்களை உள்ளே வரவழைக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகளைப் பார்த்தேன்.

முதலாவது டெயில்ஸ்கேல், நம் கருவிகளை மட்டும் தங்களுக்குள் இணைக்கும் விபிஎன் சேவை. பத்து நிமிட வேலை. உள்ளே ஓடுவது வயர்கார்ட் என்ற விபிஎன் முறைதான், சாவிகளை அதுவே பரிமாறிக்கொள்ளும். தங்கச்சி போனில் ஆப் போட்டு லாகின் செய்தாள், படங்கள் வந்துவிட்டன. ஆனால் ஒரு போனில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். அவள் ஆபீஸ் விபிஎன்னைப் போட்டால் எங்கள் படங்கள் மறைந்துவிடும். இரண்டு முனைகளும் நேராகப் பேச முடியாதபோது போக்குவரத்து அவர்களுடைய இடைநிலை சர்வர் வழியாகச் சுற்றும். அப்போது வீடியோ மாட்டுவண்டி வேகம். விதை வாங்க வருகிறவரிடம் ஆப் போடச் சொல்லவும் முடியாது. ஃபனல் என்று ஒரு பொது வாசல் வைத்திருக்கிறார்கள், அதில் சொந்த டொமைன் போட முடியாது.

இரண்டாவது கிளவுட்ஃப்ளேர் டனல், வருகிறவர்களை அந்தக் கம்பெனியின் சர்வர் வழியாக வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவருவது. அதில் அந்தக் குறை இல்லை. டொமைனை அவர்களிடம் ஒப்படைத்தால் போதும், யாரும் பிரவுசரில் நேராக வரலாம், செலவும் இல்லை. சித்தப்பா தளத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? படங்களுக்கு மட்டும் சரிப்படவில்லை. இலவசத் திட்டத்தில் ஒரு கோப்பை ஏற்ற 100 எம்பிதான் எல்லை. கல்யாண வீடியோ எதுவும் அதற்குள் அடங்காது. மறைகுறியாக்கம் அவர்களிடம் ஒருமுறை பிரிக்கப்பட்டுத்தான் என்னிடம் வருகிறது. மாப்பிள்ளைச் சம்பா விலையை யார் பார்த்தால் என்ன, வீட்டுப் படம் அப்படியில்லை.

மூன்றாவது என் கட்சி: மாத வாடகைக்கு, பொது ஐபியோடு கிடைக்கும் ஒரு சின்ன சர்வர் (விபிஎஸ்), அதற்கும் வீட்டுக்கும் இடையே நாமே போடும் வயர்கார்ட். 2020 மார்ச்சில் லினக்ஸின் மையப் பகுதியான 5.6 கெர்னலுக்குள்ளேயே வயர்கார்ட் சேர்ந்துவிட்டது. பை 4 சிப்பில் ஏஇஎஸ் என்ற மறைகுறியாக்க முறைக்கென்று வன்பொருள் உதவி இல்லாததால், வழக்கமாக அதைப் பயன்படுத்தும் ஓபன்விபிஎன் அந்த சிப்பில் திணறும். வயர்கார்ட் பயன்படுத்தும் சாச்சா20 முறைக்கு அந்த உதவி தேவையில்லை. வீட்டுப் பெட்டி 25 வினாடிக்கு ஒருமுறை விபிஎஸ்ஸைத் தட்டிக்கொண்டே இருக்கும்படி அமைத்தால் சிஜிநாட்டின் கதவு மூடாது. மறைகுறியைப் பிரிக்கத் தேவையான சான்றிதழும் சாவியும் வீட்டிலேயே இருப்பதால் விபிஎஸ் வழியே போவது ஒட்டிய உறைதான்.

வேலை வாங்கும் வழியும் இதுதான். சின்னப் பக்கங்கள் திறந்து பெரியவை தொங்கின. பயனர்பெயர், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ இணைப்பில் வயர்கார்டின் வழக்கமான எம்டியூ (ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) 1420 கொஞ்சம் பெரிது, 1412 ஆக்கியதும் சரியானது. அடுத்தது நான் வாங்கிய அடி. அனுப்பியவரின் முகவரியை மாற்றிவிடும் மாஸ்கரேட் விதியை விபிஎஸ்ஸில் போட்டதால் வருகிறவர்கள் எல்லோரும் விபிஎஸ்ஸின் ஒரே முகவரியில் தெரிந்தார்கள். யாரோ ஒரு ரோபோ தவறான பாஸ்வேர்டை அடித்துக்கொண்டே இருக்க, இப்படித் தவறி முயல்பவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் அந்த முகவரியைத் தடுத்தது. தங்கச்சி, சித்தப்பா, நான், எல்லோரும் வெளியே.

மின்தடையையும் கணக்கில் எடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையில் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். வந்ததும் டெயில்ஸ்கேலும் கிளவுட்ஃப்ளேரும் தானாக எழுந்துவிடுகின்றன. வயர்கார்டை பூட்டில் தொடங்கச் சொல்லி வைக்காவிட்டால் அது எழாது. எதைப் போட்டாலும் பையோடு ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டரில் சேருங்கள்.

இப்போது டோரன்ட் குளூட்டனுக்குள், நெல்விதை கிளவுட்ஃப்ளேரில், படங்கள் விபிஎஸ் வழியாக. நான் ஊரில் இல்லாதபோது பெட்டிக்குள் நுழைய டெயில்ஸ்கேல். நிலையான பொது ஐபி கிடைத்தால் விபிஎஸ் வாடகையை நாளைக்கே நிறுத்திவிடுவேன். இணைப்புக்காரப் பையனிடம் கேட்டேன். "ஐபி டிவியா சார்? அதுக்கு வேற பாக்ஸ் வாங்கணும்" என்றான்.