பட்டைத் தலை ஊசி: 8ஆம் நூற்றாண்டா, 10ஆம் நூற்றாண்டா?

கனசதுரத்தின் 8 மூலைகளையும் சீவிவிட்டால் 14 பட்டைகள் (தட்டை முகங்கள்) கிடைக்கும். இப்படிப் பட்டை தீட்டிய தலையோடு ஒரு செம்புக் கலவை ஊசி இங்கிலாந்து வயலில் கிடைத்தால் அதற்கு இரண்டு பூர்வீகங்கள் இருக்கலாம். ஒன்று, ஹாம்விக் (இன்றைய சவுத்தாம்ப்டன்) போன்ற ஊர்களில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் புழங்கிய ஆங்கிலோ-சாக்சன் ஆடை ஊசி. மற்றது, வைக்கிங் கால டப்ளினில் ஏராளமாகக் கிடைத்த வளைய ஊசி; பெரும்பாலும் 10ஆம் நூற்றாண்டு. வளையம் கழன்று தொலைந்துவிட்டால் இரண்டும் சட்டென்று ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் பட்டைகளின் மேல் 'வட்டமும் புள்ளியும்' கொத்தியிருக்கலாம் என்பதால் அலங்காரத்தை வைத்துக் காலம் சொல்ல முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது துளை. வளைய ஊசியின் தலையில் வளையம் நுழைந்து சுழல வழி இருந்தாக வேண்டும். மண்ணும் செம்பில் படியும் பச்சைக் களிம்பும் அடைத்துத் துளை மறைந்திருக்கலாம். நன்கு உலர்ந்த பிறகு மென்மையான தூரிகையால் தட்டிப் பாருங்கள். இரும்பு முனையால் குத்தினால் விளிம்பில் வளையம் உராய்ந்த தேய்மானம் அழியும், அந்தத் தேய்மானம்தான் வளையம் இருந்ததற்குச் சாட்சி. ஆனால் துளை இருந்தாலே வளைய ஊசி என்று முடிவு கட்டவும் கூடாது. சாக்சன் காலத்தில் தகடு போட்டு இணைத்த ஊசித் தொகுதிகளிலும் தலையில் துளை உண்டு. 1826இல் லிங்கன்ஷரின் விதம் ஆற்றில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 3 வெள்ளி ஊசிகள் அப்படிப்பட்டவை. அவற்றின் தலை தட்டை வட்டத் தகடு என்பதால் பட்டைத் தலையோடு குழம்ப வாய்ப்பில்லை.

அடுத்தது கழுத்து. தலைக்கும் தண்டுக்கும் இடையே மெல்லிய பட்டிபோல ஒரு விளிம்பு இருந்தால் தராசு சாக்சன் பக்கம் சாய்கிறது.

என் கணக்கில் தண்டுதான் அதிகம் பேசும். சாக்சன் ஊசியின் தண்டு உருளையாக இறங்கி, கீழ்ப்பாதியில் லேசாகப் புடைத்து, பிறகு கூராகும். மெல்லிய துணியிலிருந்து ஊசி நழுவாமல் இருக்க அந்தப் புடைப்பு. வளைய ஊசியின் தண்டோ மேலே உருளையாகத் தொடங்கி, கீழே தட்டையாகிச் செவ்வக வெட்டுக்கு மாறும். கனத்த மேலங்கியைப் பிடித்து நிறுத்தும் வேலை அதற்கு. விரலால் உருட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். நீளமும் உதவும்: முந்தியது 50 முதல் 75 மி.மீ. வரை என்பது வழக்கம், பிந்தியது 100 மி.மீ.யைத் தாண்டுவது சகஜம். முனை உடைந்திருந்தால் நீளத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள். பழைய முறிவில் களிம்பு படிந்திருக்கும், புதிய முறிவு பளபளக்கும்.

வளையம் தப்பிப் பிழைத்திருந்தால் வேலை மிச்சம். எளிய வட்ட வளையம், தண்டின் மேல்நுனியையே மடக்கிய கண்ணி: 9, 10ஆம் நூற்றாண்டு. அதே வளையம், பட்டைத் தலை: 10ஆம் நூற்றாண்டை மையமாகக் கொள்ளலாம். குதிரைச் சேணத்தின் அங்கவடி வடிவ வளையமோ சிறுநீரக வடிவ வளையமோ வந்தால் 11ஆம் நூற்றாண்டுக்குப் போய்விட்டோம். வளையமே இல்லாமல் தலையும் தண்டும் ஒன்றாய் அமைந்த குச்சி ஊசிகள் அயர்லாந்தில் 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை நீள்கின்றன. கனடாவின் லான்ஸ் ஓ மெடோஸில் வைக்கிங் குடியிருப்பை அடையாளம் காட்டிய சான்றுகளில் 1968இல் கிடைத்த ஒரு வெண்கல வளைய ஊசியும் உண்டு.

உருண்டைத் தலை ஊசிதான் தொல்லை. கழுத்துப்பட்டியும் தண்டுப் புடைப்பும் சேர்ந்திருந்தால் 8, 9ஆம் நூற்றாண்டு என்று எழுதலாம், அதற்கு மேல் நெருக்க முடியாது. கம்பியைச் சுற்றித் தலை செய்த மெல்லிய ஊசியை இந்தக் கூட்டத்திலேயே சேர்க்காதீர்கள். அது நம் குண்டூசியின் நெருங்கிய மூதாதை, இடைக்கால இறுதியிலோ அதற்குப் பின்னரோ வந்தது.